ஒன்றரை மணி நேரத் தண்ணீர்

பாக்கியநாதன் நீளமான இரும்புச் சாவியை வால்வுக் குழிக்குள் இறக்கி, தலைக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்புகிறார். ஒரு சுற்றுக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே'. ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் காலை ஐந்தரை மணி. ஒன்று, இரண்டு என்று எண்ணினால் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தப்பிப்போகுமாம். ஜெபம் சொல்லும் வாயோடு யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. இருபத்திரண்டாவது மரியேயில் வால்வு முழுக்கத் திறந்துகொள்ளும். எதிர்வீட்டு வாசலில் கோலம் போடும் மாமி மட்டும் விடமாட்டார். "உங்க ஜபம் ஆனாத்தான் எங்களுக்குத் தீர்த்தம்" என்பார். பாக்கியநாதன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திருப்பிக்கொண்டே இருப்பார்.

திறந்ததும் சாவியின் தலையில் காதை வைத்துக் கேட்பார். அடியில் தண்ணீர் ஓடும் அதிர்வு கம்பி வழியாக ஏறி வரும். தெருக்களை ஆட்களைப் போலத்தான் பேசுவார். "இந்தத் தெரு நிதானமாக் குடிக்கும். உத்தர வீதி அப்படியில்ல. முதல்ல இருமும், காத்தத் துப்பும், அப்புறந்தான் தண்ணி." ஐம்பத்து நான்கு வயது. சாவியைச் சாய்த்துத் தூக்கித் தூக்கி, சட்டையின் வலது தோள் மட்டும் நைந்துபோயிருக்கிறது. "ஊருக்கே தண்ணி விடுற மனுஷன், வீட்டுல அரை வாளியில குளிச்சிட்டு வந்துருவாரு" என்று மனைவி லூர்துராணி சிரிப்பார்.

ஸ்ரீரங்கத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் உறையூர். அங்கே தினமும் வேலை இருந்தது. இங்கே வாரத்துக்கு நான்கு நாள்தான். மற்ற நாட்களில் லாட்ஜுகளில் மாடித் தொட்டி கழுவப் போகிறார். மாற்றத்துக்கு ஒப்பந்தக்காரர் சொன்ன காரணம், நிர்வாக வசதி.

உறையூரில் பணிக்கன் சந்தும் அதற்கடுத்த தெருவும் ஒரே குழாயிலிருந்து பிரிகின்றன. சந்தில் எண்பது குடும்பங்களுக்கு நான்கு தெருக்குழாய். அடுத்த தெருவில் ரெங்கராஜின் மூன்று அடுக்குமாடிகளும் கல்யாண மண்டபமும். அவர் மனைவி சுபலட்சுமி வார்டு கவுன்சிலர். வால்வு ஆட்களுக்குச் சம்பளம் தரும் ஒப்பந்தம் மச்சான் பேரில் இருந்தாலும் நடத்துவது ரெங்கராஜ். தண்ணீர் லாரிகளும் அவருடையவை. "முதலாளியும் அவரு, மேல கேள்வி கேக்குறதும் அவரு, புகார் வாங்குறதும் அந்த வீடுதான். எந்தக் கதவத் தட்டுனாலும் ஒரே ஆளுதாங்க தொறப்பாரு" என்பார் பாக்கியநாதன். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. குழாய் எங்கே பிரிகிறது என்று காட்டுவதுபோலச் சொல்வார்.

சந்துக்கு அட்டவணைப்படி ஒன்றரை மணி நேரம். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் வாய்மொழியாக உத்தரவு வந்தது: சந்துக்கு அரை மணி போதும், மிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பு. அவர் திருப்பினார். அடுக்குமாடிகளின் தரைத்தொட்டிகள் வழிந்தன. மாலையில் லாரி சந்து முனையில் நின்று குடம் குடமாக விற்றது. லாரி எப்போது வரும் என்று தெரியாததால் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் பெண்களுக்கு அடிக்கடி அரைநாள் சம்பளம் போயிற்று. காலையில் தான் திருப்பிவிட்டதுதான் மாலையில் விலைக்கு வருகிறது என்பது பாக்கியநாதனுக்குத் தெரியும்.

சந்தில் வள்ளிக்கண்ணுவின் இட்லிக் கடை. பல வருஷமாக அவருக்குக் காலை டீ அங்கேதான், காசு வாங்கமாட்டாள். உத்தரவு வந்த வாரத்திலேயே, "டாக்டர் டீ குடிக்கக் கூடாதுன்னுட்டாரு" என்று சொல்லி அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். எந்த டாக்டரையும் அவர் பார்க்கவில்லை.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. போன கோடையில் தட்டுக் கழுவத் தண்ணீர் இல்லாமல் வாரத்தில் இரண்டு நாள் கடை பூட்டிக் கிடந்தது. ஒருநாள் வள்ளிக்கண்ணு வால்வுக் குழிக்கே தேடி வந்தாள்.

"அண்ணே, உங்க மேல வருத்தமில்ல. எங்க சந்துக்கு எவ்வளவு நேரம்னு எழுதி வச்சிருக்காங்க? அத மட்டும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதும்மா."

அந்த ஞாயிறு மாதா கோயில் பூசையில் அவர் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. வீடு திரும்பும் வழியில் லூர்துராணி காரணம் கேட்டார். அவர் எல்லாவற்றையும் சொன்னார். லூர்துராணி, "வேலை போயிருமே" என்றார். வீட்டுக் கதவைத் திறக்கும்போது, "சரி, சொல்லிட்டு வந்துருங்க" என்றார்.

திங்கட்கிழமை சொன்னார். "ஒன்றரை மணி நேரம்மா. அஞ்சு பத்துலேருந்து ஆறு நாப்பது வரைக்கும். பம்ப் ரூம் சுவத்துல ஒட்டியிருக்கு. நான் சொன்னேன்னு மட்டும் எங்கயும் சொல்லிராதீங்க."

"சொல்லமாட்டேண்ணே" என்றாள் வள்ளிக்கண்ணு.

இன்று பணிக்கன் சந்தில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வருகிறது. நேரம் குழாயடியிலேயே பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. ரெங்கராஜின் லாரிகள் வேறு வார்டுக்குப் போகின்றன. ஸ்ரீரங்கத்து வால்வுகளின் ஒப்பந்தமும் அதே மச்சான் பேரில்தான் இருக்கிறது. பாக்கியநாதனிடம் இதையெல்லாம் கேட்டால், "தண்ணி போகுதுல்ல, அது போதும்" என்று சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்துவிடுவார். இதற்கெல்லாம் காரணமான அந்தக் கூட்டத்தில், அவர் உறையூரில் இருந்தபோது நடந்ததைச் சந்துக்காரர்கள்தான் சொல்கிறார்கள்.

வார்டு மக்களின் குறைகேட்புக் கூட்டம். நடந்தது ரெங்கராஜின் கல்யாண மண்டபத்தில். மேடையில் நடுவே மாநகராட்சி அதிகாரி, ஒரு பக்கம் சுபலட்சுமி, அவருக்குப் பக்கத்தில் எந்தப் பதவியிலும் இல்லாத ரெங்கராஜ். நாற்காலி தூக்கிப் போட வரவழைக்கப்பட்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளிகள் சுவரோரமாக நின்றார்கள். பாக்கியநாதனும் அங்கேதான் நின்றார்.

வள்ளிக்கண்ணு எழுந்தாள். "எங்க சந்துக்கு ஒன்றரை மணி நேரம் விடணும். விடுறது அரை மணி. மிச்சத்த அந்தப் பக்கம் திருப்பிட்டு, சாயங்காலம் லாரியில விக்கிறாங்க."

ரெங்கராஜ் சிரித்தபடி மைக்கை வாங்கினார். "ஒன்றரை மணின்னு யாரு சொன்னாங்க? பேரச் சொல்லுங்க. பேர் இல்லாம பேசுறதெல்லாம் வதந்திங்க சார்."

வள்ளிக்கண்ணு சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. "சொன்னவங்க சொன்னாங்க."

"யாருன்னு தெரியாம நான் எப்படிம்மா எழுதறது?" என்று அதிகாரி பேனாவை மூடினார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பாக்கியநாதன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். "நான்தாங்க சொன்னேன். இந்த ஏரியாவுக்கு வால்வு திறக்குறவன். பேரு பாக்கியநாதன். ரெண்டு வருஷமா நேரத்தக் குறச்சதும் நான்தான். யார் சொல்லிக் குறச்சேன்னு மேடையில இருக்குறவங்களுக்கே தெரியும்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். ரெங்கராஜ் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "போய் அந்தப் பக்கம் நில்லு, பாக்கியம்" என்றார் மெதுவாக.

அவர் திரும்பினார். சுவரோரம் நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே அவர் தயங்கி நின்றார்.

வள்ளிக்கண்ணு, பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.