எல்லாம் கேட்டது, இமைதான் அசையவில்லை

நகரியில் எங்களுக்குச் சொந்தமாக விசைத்தறி இருக்கிறது. போன வருடம் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து குணமானது. அடுத்த வாரமே பாதங்கள் மரத்துப்போயின. அலுப்பு என்று விட்டுவிட்டேன். மறுநாள் நிற்க முடியவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் கை, குரல், மூச்சு எல்லாம் ஒடுங்கின. மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். இமையைக்கூட அசைக்க முடியவில்லை. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது, காதும் கேட்டது. அது வீட்டாருக்குத் தெரியவில்லை.

தலைமாட்டில் நின்று நாத்தனார் என் கணவரிடம் அழுதாள்: "அண்ணி இனிமே எழுந்துக்காதுண்ணா. பாப்பாவ நான் இட்டுகினு போயி வளத்துக்கிறேன்."

என் மகளைக் கொடுத்துவிடாதீர்கள் என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். சத்தம் வரவில்லை.

அப்போது டாக்டர் வந்தார். "கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்கின ஆன்டிபாடி, இவங்க நரம்பையே கிருமின்னு தாக்குது. ரத்தத்துலேர்ந்து அத பிரிச்சு எடுக்கப் போறோம். மெதுவா தேறுவாங்க. நீங்க பேசுறது அவங்களுக்குக் கேக்கும், பாத்துப் பேசுங்க."

நாத்தனாரின் அழுகை சட்டென்று நின்றது. அந்த நிசப்தம் இன்றும் என்னைத் தூக்கத்தில் எழுப்புகிறது.

பல மாதம் கழித்து நடந்தேன். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்போதெல்லாம் காலில் லேசாக மரத்தாலும் டாக்டரிடம் ஓடுகிறேன். நினைவின்றிக் கிடப்பவரைப் பார்க்கப் போனால், கையைப் பிடித்து, "நான்தான் வந்துகீறேன், புள்ளைங்க நல்லா கீறாங்க" என்கிறேன். கேட்கிறதா என்று தெரியாது. பதில் வராவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.