கம்பளிச் சட்டைப் பாட்டு

கடலூரில் நான் நடத்தும் சின்ன ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்கு ஒருநாள் அவர் வந்தார். மீனவர். வெயிலில் கறுத்த ஒல்லி உடம்பு. சினிமா மெட்டுகளுக்கு அவரே எழுதிய பத்து கேலிப் பாட்டுகள் கையிலிருந்த நோட்டில் இருந்தன. நான் வாய்விட்டுச் சிரித்த இடங்களில்கூட அவர் சிரிக்காமல் பாடினார்.

முன்பு அவர் கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது, அங்கிருந்த யூத இன்ஜினியர் ஒருவர் தம் மக்களின் கேலிப் பாட்டு ஆல்பத்தைப் போட்டு வரிவரியாக அர்த்தம் சொல்வாராம்.

"எவ்ளோ அடிபட்ட ஜனம் சார் அவுங்க. அவுங்களப் பத்தி அவுங்களே பாட்டு கட்டி சிரிக்கிறாங்க. நம்ம ஜனத்துக்கும் அதுமாரி ஒண்ணு போடாம விடமாட்டேன்."

கடைசிப் பாட்டு, சுனாமிக்குப் பிறகு அவருடைய குப்பத்துக்கு நிவாரணமாக மூட்டை மூட்டையாய் வந்திறங்கிய கம்பளிச் சட்டைகளைப் பற்றியது.

"இது வேணாங்க. ஊர்ல சண்டைக்கு வருவாங்க" என்றேன்.

"என் தங்கச்சி அந்த அலையிலதான் போச்சு சார். நான் பாடாம வேற யாரு பாடுறது?"

திருப்தியாகும்வரை ஏழு முறை பாடினார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சிரிப்பு வருதா சார்?" என்று கேட்டார்.

"வருது" என்றேன்.

"அப்போ சரி" என்று கிளம்பிவிட்டார். எனக்குத்தான் அன்று வேறு வேலை ஓடவில்லை.