நான் நிற்கச் சொன்ன காற்று

என் கணவரும் மகளும் இருந்த வள்ளத்தை நோக்கிச் சுட்டார்கள். நான் கரையில் நின்று அதைப் பார்த்தேன். சபையில் இதைச் சொல்லும்படி பலமுறை கேட்டிருக்கிறார்கள். எழுந்து நின்றால் முதல் வரியோடு உட்கார்ந்துவிடுகிறேன். அதனால்தான், தேவனுடைய பிள்ளைகளே, எழுதித் தருகிறேன்.

1998ஆம் ஆண்டு நாங்கள் யாழ்ப்பாணத்துக் கடலில் உள்ள எழுவைதீவுக்கு ஊழியத்துக்கு வந்தோம். என் கணவர் போதகர். நான் பயிற்றப்பட்ட ஆசிரியை. வள்ளத்தில் மட்டுமே போய்வரக்கூடிய தீவில் தங்கிப் படிப்பிக்க அப்போது ஆட்கள் குறைவு. ஓலைக் கொட்டில் ஒன்றில் சிறிய பள்ளிக்கூடம் தொடங்கினோம். இரண்டு வருடம் கழித்துப் பக்கத்துத் தீவான அனலைதீவிலும் ஒன்று தொடங்கினோம். எங்கள் மகள் கிறேஸ் அந்தக் கொட்டிலில்தான் எழுத்துப் பழகினாள்.

யுத்த காலம் என்பதால், பிள்ளைகளைக் கடலில் கொண்டுபோவதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாரும் வெள்ளைச் சீருடை போட வேண்டும். வள்ளத்தில் ஒருவரும் குனிந்திருக்கக் கூடாது. முன்பக்கத்தில் நிமிர்ந்து இருக்க வேண்டும். கையில் இருக்கும் பாஸை, நேவி தந்த அனுமதிக் கடிதத்தை, தூரத்தில் இருந்து எவராலும் வாசிக்க முடியாது. வெள்ளை உடுப்பு தெரியும். காவலரணில் நிற்கும் நேவிக்காரர் தூரக்கண்ணாடியால் பார்த்துக் கையசைப்பார்கள். பிள்ளைகளும் கையசைப்பார்கள். அந்த வெள்ளைதான் எங்கள் பாஸ்.

2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அனலைதீவுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்குள்ள பிள்ளைகளோடு சேர்த்து மாதிரிப் பரீட்சை வைக்க என் கணவர் ஒழுங்கு செய்தார். கிறேசும் அதே வகுப்பு. காலையில் தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று பலமாக இருந்தது. அவளுக்குக் காற்றென்றால் சரியான பயம்.

"அம்மா, திரும்பி வரேக்கையும் இப்பிடித்தான் அடிக்குமோ?"

"காத்து நிக்கவேணும் எண்டு நான் ஜெபிக்கிறன் பிள்ளை. நீ போயிட்டு வா."

மத்தியானம் மண்டைதீவுப் பக்கம் சத்தம் கேட்டது. முதலில் இடி என்று நினைத்தேன். பிறகு நிற்காமல் கேட்டது. சமாதானம் என்று சொல்லிக் கொஞ்ச வருடம் நின்றிருந்த சண்டை மறுபடி மூண்டுவிட்டது. ஒருவரும் கடலுக்கு இறங்கக் கூடாது என்று நேவி அறிவித்தது. நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். ஆனாலும் என் கணவர் பிள்ளைகளோடு அனலைதீவிலேயே தங்கிவிடுவார் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அப்போது பூமணி அக்கா தலைமுடி அவிழ்ந்தபடி ஓடிவந்தா. அவவுடைய மகனும் அந்த வகுப்பில்தான் படித்தான்.

"டீச்சர், கடலிலை ஒரு வள்ளம் வருது! ஓடி வாங்கோ!"

துறைக்கு ஓடினோம். வள்ளம் தெரிந்தது. மரியதாஸ் அண்ணையின் வள்ளம் என்பது அதன் மூக்கைப் பார்த்ததுமே தெரிந்தது. அவர்தான் எப்போதும் எங்கள் பிள்ளைகளை ஏற்றுகிறவர். ஆனால் அதில் வெள்ளை இல்லை. நீலமாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. நெல் காயப்போடுகிற தார்ப்பாய், படங்கு.

துறையில் ஒரு நேவிச் சிப்பாய் நின்றான். எங்கள் பாஸை எப்போதும் பார்க்கிறவன்தான். கொஞ்சம் தமிழ் தெரியும்.

"டீச்சர், இங்க நிக்க வேணாம். வீட்ட போங்க."

"தம்பி, அது எங்கட பள்ளிக்கூட வள்ளம். பிள்ளையள் வருகினம்."

அவன் தூரக்கண்ணாடியால் பார்த்தான். "புள்ளைங்க இல்ல. வெள்ள இல்ல. ஒரு ஆள் ஓட்டுறது. மத்தது எல்லாம் மூடி."

அவன் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. என் கணவர் பிள்ளைகளைப் படங்கால் மூடி, தானும் அடியில் இருக்கிறார். செல் குண்டு விழும் சத்தத்தைக் கேட்டுப் பயந்துபோய், வெள்ளை தூரத்துக்குத் தெரியும் என்று மறைத்திருக்கிறார். மறைத்ததனால் அது பள்ளிக்கூட வள்ளமாக இல்லாமல் போய்விட்டது. எதையோ ஒளித்துக் கொண்டுவரும் வள்ளமாகிவிட்டது.

சிப்பாய் ரேடியோவில் கதைக்கத் தொடங்கினான். அதற்குள் ரோந்துப் படகு ஒன்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சடசடவென்று வெடித்தது. வள்ளத்துக்கு முன்னால் தண்ணீர் வரிசையாக எழும்பியது. நிற்கச் சொல்லும் வேட்டு அது. ஆனால் அந்தச் சோளகத்தில் எப்படி நிற்பது? பின்னால் துரத்தும் அலை, எஞ்சினைக் குறைத்தால் வள்ளத்தை மூடிவிடும். நின்றால் கடல். நிற்காவிட்டால் துவக்குச் சூடு.

நான் மணலில் விழுந்தேன். "ஆண்டவரே, காற்றை நிறுத்தும். கடலை அதட்டினவர் நீர்தானே. இப்ப நிறுத்தும்" என்று கத்தினேன். வேறு வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பூமணி அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினா. "காத்தோடை பிறகு கதைக்கலாம், அவனோடை கதை டீச்சர்! என்ர பிள்ளையும் அதுக்குள்ளை!"

காற்று நிற்கவில்லை. நான் கேட்கக் கேட்கக் கூடியது. மணல் முகத்தில் குத்தியது. இரண்டாம் முறை சுட்டார்கள். இந்த முறை தண்ணீர் வள்ளத்துக்குக் கிட்ட எழும்பியது. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எப்படியிருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

அப்போது ஒரு பெருங்காற்று வந்தது. படங்கின் பின்விளிம்பு கிளம்பியது. அடியில் காற்றுப் புகுந்து பாய்மரப் பாயைப் போல உப்பியது. கயிறு அறுந்து, முழுப் படங்கும் எழும்பிப் பறந்து கடலில் விழுந்தது.

வெள்ளை. முழுக்க வெள்ளை. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி எங்கள் பிள்ளைகள்.

சிப்பாய் ரேடியோவுக்குள் சிங்களத்தில் "பிள்ளைகள், பிள்ளைகள்" என்று கத்தினான். அந்த ஒரு சொல் எனக்கும் விளங்கும். துவக்குச் சத்தம் நின்றது. ரோந்துப் படகு ஒதுங்கியது.

வள்ளம் கரைக்கு வந்தது. கிறேஸ் சட்டை முழுக்க வாந்தி எடுத்திருந்தாள். பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பூமணி அக்கா மகனை இழுத்து முதுகில் ஒன்று போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதா. என் கணவர் மற்றப் பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணி இறக்கினார்.

"அங்கை நேவி போகச் சொல்லித்தான் விட்டவன்" என்றார். "இந்தப் பக்கம் அறிவிக்கேல்லைப் போலை. மூடினால் தப்பும் எண்டு நினைச்சிட்டன்."

மரியதாஸ் அண்ணை எஞ்சினைப் பிடித்தபடியே இருந்தார். உதடு வெளிறியிருந்தது. "டீச்சர், புதுப் படங்கு. கடலோடை போயிட்டுது. அதுக்கும் ஒருக்கா ஜெபியுங்கோ" என்றார். சிரிக்க வெளிக்கிட்டு நாங்கள் எல்லாரும் அழுதோம்.

வீட்டுக்கு நடக்கும்போது பூமணி அக்கா என் கையைப் பிடித்தா. அவ எங்கள் சபை இல்லை. பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவ.

"டீச்சர், நீங்கள் காத்து நிக்கவேணும் எண்டெல்லே மண்டாடினனீங்கள்?"

"ஓம் அக்கா."

"நல்ல காலம், உங்கட ஆண்டவர் உங்கட சொல்லைக் கேக்கேல்லை."

அதற்குப் பிறகு நான் ஜெபிக்கும் விதம் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஆண்டவர் என்ன செய்ய வேண்டும் என்று நானே வரிசையாகச் சொல்லிக் கொடுப்பேன். இப்போது பிள்ளைகளின் பெயர்களைச் சொல்கிறேன். மிச்சத்தை அவரிடம் விடுகிறேன்.

பயம் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இது 2009ஆம் ஆண்டு. துவக்குச் சத்தம் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் எங்காவது படங்கு படபடத்தால் நான் எழும்பிக் கிறேசைத் தேடுகிறேன். அவள் வளர்ந்துவிட்டாள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்த வருடங்களில் எத்தனையோ தாய்மார் என்னைப் போலக் கரையில் விழுந்து கதறினார்கள். எல்லாருடைய பிள்ளைகளும் திரும்பி வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. என் மகள் வந்தாள் என்பது மட்டும் தெரியும். அதற்காகத் தினமும் நன்றி சொல்கிறேன்.

இரண்டு பள்ளிக்கூடங்களும் நடக்கின்றன. சோளகம் தொடங்கிவிட்டது. நாளைக் காலை பிள்ளைகள் மறுபடி கடல் கடக்கிறார்கள், வெள்ளைச் சீருடையோடு, நிமிர்ந்தபடி. நான் துறையில் நிற்பேன், நடுங்கிக்கொண்டு. உங்களில் யாராவது இன்று எதையாவது நிறுத்தும்படி மன்றாடி, அது நிற்கவில்லையே என்று அழுதுகொண்டிருந்தால், அருமையானவர்களே, இன்னும் கொஞ்சம் கரையிலேயே இருங்கள். கடலில் இருந்து கண்ணை எடுக்காதீர்கள்.