கயிறு மாஸ்டரின் தடுப்பு வரிசை

தண்ணீர் வாரியத்தின் பம்ப் நிலையத்தில் மோட்டார் ஓட்டுபவர் அவர். மாலையானால் அந்த நிலையத்துக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர். கயிறு மாஸ்டர் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே கையை விரிப்பார். பட்டம் சும்மா வரவில்லை. தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேர் இடுப்பிலும் ஒரே கயிற்றைக் கட்டி, ஆளுக்கு ஆள் பத்துத் தப்படி விட்டு, விசிலுக்கு விசில் முன்னும் பின்னும் நடக்க வைப்பார். ஒருவர் சோம்பினால் மற்ற மூவரும் இழுபடுவார்கள். வேடிக்கை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், கட்டுப்பட்டவர்களுக்கு இடுப்புத் தோல் உரியும்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அணியில் பாதிப் பேருக்கு நாற்பது தாண்டிவிட்டது, மீதிப் பேருக்குத் தொப்பை தாண்டிவிட்டது. இவர்களை வைத்துக்கொண்டு இருபது வயசுப் பிள்ளைகளோடு ஓடி ஜெயிக்க முடியுமா? அதனால்தான், "நமக்குக் கால் ஓடாது, பந்து ஓடட்டும்" என்று முடிவு கட்டியிருந்தார்.

நடுக்களத்து மூவரையும் காலி எண்ணெய் டின்களுக்கு நடுவே நிறுத்தி, அரைத்த மாவையே அரைப்பார். "பந்து காலுக்கு வந்தப்புறம் யோசிக்கிறவன் வீட்டுல போய் யோசிக்கலாம். வர்றதுக்கு முன்னாடியே தோளுக்குப் பின்னால பாத்துக்கோ, யாரு தனியா நிக்கிறான்னு. ஒரு தட்டுல நிறுத்து, மறு தட்டுல குடு. அவ்வளவுதான் வேலை."

அவர்கள் பந்தைப் பிடித்து முன்னே அனுப்பியதும் பின்னால் இருக்கும் நால்வரும் ஒன்றாக மேலேற வேண்டும். அதற்கு ஒரே சொல், "ஏறு". ஒருவர் மட்டும் பின்தங்கினால் போச்சு. எதிரணிக்காரன் அவர் பக்கத்திலேயே ஹாயாக நிற்பான், கோட்டு நடுவரும் ஆஃப்சைடு என்று கொடி தூக்க மாட்டார். ஆகவே யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, பக்கத்து ஆளை மட்டும் பார்க்க வேண்டும். இடைவெளி விழக் கூடாது. இதைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறு வருஷம் சொன்னார்.

அந்த நால்வரில் இடது ஓரம் நின்றவர் அவருடைய தங்கையின் கணவர். அதே நிலையத்தில் வெல்டர். வாயைத் திறந்தால் ஜோக்குதான். கயிற்றில் கட்டும்போதெல்லாம், "கல்யாணத்துல விட்ட முடிச்சை இப்ப போடுறீங்களா மச்சான்" என்பார். மாஸ்டருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அதை மறைக்கவே அவரிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கத்துவார்.

மின்சார வாரியத்துடன் நடந்த அரையிறுதியில், ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருந்தபோது நடுக்களத்தில் நம் ஆட்கள் பந்தைப் பறித்தார்கள். "ஏறு" என்றார் மாஸ்டர். மூன்று பேர் ஏறினார்கள். வெல்டர் புல்லில் கிடந்தார். நெஞ்சு வலி என்று யார் கண்டது? மாஸ்டர் கண்ணுக்கு வரிசை கெட்டது மட்டும்தான் தெரிந்தது. வாய்க்கு வந்தபடி கத்தினார். அவர் போட்ட சத்தம் மைதானத்துக்கே கேட்டது. கடைசியில், பந்தை மறுபடி பறித்துக்கொண்டு தனியாக வந்த எதிரணிக்காரன்தான், கோல் போடுவதை விட்டுவிட்டு, மண்டியிட்டு வெல்டரின் தலையைத் தூக்கிப் பிடித்தான். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு மாஸ்டர் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. ஆஸ்பத்திரி நடையில், பூட்ஸ்கூடக் கழற்றாமல் பேயறைந்தாற்போல் நின்ற அணியைச் சுற்றி நிறுத்தினார். "தங்கச்சி கேட்டா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. விழுந்த உடனே எல்லாரும் ஓடிட்டோம். வேற ஒரு வார்த்தை வேணாம்." யாரும் மறுக்கவில்லை. கோல்கீப்பர் மட்டும் எதையோ சொல்ல வந்து மென்று விழுங்கினார். தங்கை முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாத மனுஷன், பத்துப் பேரைத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது வாரம் தங்கை பம்ப் அறைக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை அவளுக்கு. சோடா ஏறிய விரல்கள் வெளுத்துத் தோலுரிந்து கிடந்தன. மோட்டார் இரைச்சலில் அவள் சொன்னது காதில் விழவில்லை.

"அதை நிறுத்துண்ணா."

நிறுத்தினார். ஊர்க் குழாய்கள் எல்லாம் காத்துக் கிடக்கட்டும் என்று நிறுத்தினார்.

"ஒவ்வொருத்தர் வீடாப் போனேன்," என்றாள். "பத்துப் பேரும் ஒரே வரியைச் சொல்றாங்க. ஒரு எழுத்துகூட மாறல. கோல்கீப்பர் வீட்டுல அவர் சம்சாரம் அழுவுறாங்க, அவர் அதே வரியைச் சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிறாரு. எங்க இடிச்சாலும் உள்ள போக வழியில்ல. இப்படி நிக்க நீதான சொல்லிக் குடுப்ப?"

இன்னும் ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், தங்கை திரும்பிப் போய்விடுவாள், காலத்துக்கும் அண்ணன் அண்ணனாகவே இருப்பான். அது மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்குத் துணியில் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"யாரும் ஓடலம்மா," என்றார். "எல்லாரும் மேல ஏறிட்டாங்க. நான்தான் ஏறச் சொன்னேன்."

"அவரு விழுந்தது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. நடிக்கிறான்னு நினைச்சேன். எந்திரிடா சோம்பேறி, உன்னால வரிசை கெடுதுன்னு கத்தினேன். ரெண்டு தடவை."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீ கத்தினது அவருக்குக் கேட்டுதா?"

"கேட்டுது."

"எப்படித் தெரியும்?"

இதை அவர் அந்தப் பத்துப் பேரிடமும் சொன்னதில்லை. அவர்கள் திரும்பிப் பார்க்காமல் மேலே போய்விட்டார்கள். பார்த்தது இவர், இவரை விட்டால் கோல்கீப்பர்.

"கையை ஊனினான். எந்திரிக்கப் பாத்தான், முடியல. அப்புறம் தவழ்ந்தாம்மா. மத்தவங்க நின்ன இடத்தைப் பாத்து, ஒரு நாலஞ்சு அடி."

"தவழும்போதாவது நீ போனியா?"

"இல்ல. சரி, வர்றான்னு நினைச்சேன். பந்து எங்கன்னு பாக்கத் திரும்பிட்டேன்."

தங்கை மோட்டார் சுவிட்சைத் தானே போட்டுவிட்டு வெளியே போனாள்.