வேலுத்தாய் கார்டு மாற்றிய கதை

சம்பள நாளன்று எஸ்டேட் ஆபீஸ் வாசலில் போய் நின்று பாருங்கள். மனிதர்கள்மேல் இருக்கிற மரியாதை பாதி குறைந்துதான் வீடு திரும்புவீர்கள். கடைக்காரர்கள் வாசலிலேயே சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னலில் கூலியை வாங்கியவன் நாலு எட்டு வைப்பதற்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள். மிச்சம் இருந்தால்தானே! இருக்காது. ஒரு மாதம் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று சம்பாதித்ததை ஒரு நிமிடத்தில் கொடுத்துவிட்டு, அந்தக் கடைக்காரனிடமே பீடிக்குக் கடன் கேட்டு இளித்துக்கொண்டு நிற்பார்கள் எங்கள் ஆண்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாசலில் நிமிர்ந்து நின்றவள் ஒருத்தி உண்டு, வேலுத்தாய். எஸ்டேட் கூலிகளின் வீட்டு வரிசையான லயத்தில் எனக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு சுவர்தான். அவள் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். நான் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா, அவள் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். அவள் புருஷன் வீரபாண்டி கடனை வைத்துவிட்டுச் செத்துப்போனான். கருமாதிக்கு வந்த கடைக்காரன் ஒருவன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, போகும்போது வீட்டிலிருந்த பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் பெண்கள் ராமுத்தாயும் மாரித்தாயும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து வேலுத்தாய்க்கு ஒரே வைராக்கியம். மாதத்துக் கடன் மாதத்தோடு தீர வேண்டும்.

கடனே வாங்காமல் இருக்கலாமே என்று கேட்பவர்கள் மாதம் ஒருமுறை கூலி வாங்கிப் பிழைத்தவர்களாக இருக்க மாட்டார்கள். நடுவில் கொடுக்கும் செலவுக்காசு காய்கறிக்கே காணாது. அதனால் லயத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கடையில் பற்று உண்டு. பெயரும் நம்பரும் போட்ட தடித்த கார்டு ஒன்றைக் கடைக்காரர் தருவார். வாங்குகிற சரக்கெல்லாம் அதில் ஏறும். சம்பளத்தன்று கழியும். வேலுத்தாயின் கார்டு மட்டும் மாதாமாதம் முழுக்கக் கழிந்துவிடும். எழுபத்து நாலில், அரிசி ஆனை விலை விற்ற வருடத்தில், அவள் பற்று வைத்திருந்த காளிச்சாமி கடையை மூடிவிட்டு மலையை விட்டுக் கம்பத்துக்கு இறங்கிவிட்டார். அவளுக்குப் புதுக் கார்டு வேண்டியிருந்தது.

இருந்தவை இரண்டு கடைகள். ஒன்று பாலக்காட்டிலிருந்து வந்து கடை போட்ட சைனுதீன் ராவுத்தருடையது. கார்டுக்கு வருடத்துக்கு இரண்டு ரூபாய் கட்டணமாக வாங்கிக்கொள்வார், இனாம் எதுவும் தர மாட்டார். மற்றது பொன்ராஜ் அண்ணாச்சியுடையது. அங்கே கார்டு சும்மா கிடைக்கும், தீபாவளிக்கு இனாமும் உண்டு.

லயமே கூடி அவளுக்குப் புத்தி சொன்னது. பாக்கிக்கு ராவுத்தர் எவ்வளவு வட்டி போடுகிறார், அண்ணாச்சி எவ்வளவு போடுகிறார் என்று ஒரே வாக்குவாதம். ஜென்மத்துக்கும் கடன் தீர்க்காதவர்கள் வட்டிக் கணக்குப் பேசுவதைக் கேட்க வேண்டுமே! வேலுத்தாய் சிரித்தாள்.

"வட்டி, பாக்கி வைக்கிறவளுக்குத்தான மதினி. நாந்தான் முழுசாக் குடுத்துர்றேனே. அவுக ரூவாய்க்கு ரூவா வட்டி போட்டாலும் எனக்கென்ன? நான் பாக்க வேண்டியது வேற."

சொன்னதோடு நிற்கவில்லை. இரண்டு கடையிலும் கால் கிலோ துவரம்பருப்பு வாங்கி வந்து, காப்பகத்தில் பால்மாவு நிறுக்கிற தராசில் என்னைப் போடச் சொன்னாள். ராவுத்தர் பருப்பு சரியாக நின்றது. அண்ணாச்சி பருப்பு ஒரு பிடி குறைந்தது. "பிறகென்ன, ராவுத்தர்கிட்டப் போ" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

"ராவுத்தரு கல்யாணச் சரக்குக் குடுக்க மாட்டாராம். அம்புட்டுச் சரக்கு இல்லைன்னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டாரு. அண்ணாச்சி கார்டு உள்ளவுகளுக்கு மூடை மூடையாத் தாராரு. ராமுத்தாய்க்கு வார தைக்குள்ள முடிக்கணும். மொய் விழுந்ததும் அந்த மாசமே அடச்சுருவேன். அதுவரைக்கும் ஒரு பிடி பருப்பு போனாப் போகுது."

கணக்கில் பிசகில்லை. அவள் நம்பிப் போன ஆள்தான் பிசகு.

பொன்ராஜ் கடைக்கு அவள் போன அந்த வருடத் தீபாவளிக்கே எனக்கு வாடை அடித்தது. தலைக்குமேல் கடன் வைத்திருந்த எங்கள் லயத்துப் பெரியமுத்து வீட்டுக்கு அண்ணாச்சி சேலை கொடுத்தார். வேலுத்தாய்க்கு, விரித்தால் வெளிச்சம் தெரிகிற ஒரு துண்டு. கடன் பெரிதானால் இனாமும் பெரிது. கசாப்புக்காரன் கொழுத்த ஆட்டுக்குத்தான் தழை ஒடித்துப் போடுவான். வேலுத்தாய் அதைக் காதில் வாங்கவில்லை. "எம் பேரு சுத்தமா இருக்கு, அது போதும்" என்றாள்.

மார்கழியில் போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து தேதி குறித்தார்கள். தை கடைசி முகூர்த்தம். அதைத் தாண்டினால் வேறு இடம் பார்ப்போம் என்று சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போனார்கள். சம்பந்திக்கு ஒரு வேளைச் சோறு போட முடியாத வீட்டில் எவன் பெண் எடுப்பான்? அரிசி, பருப்பு, வெல்லம், எண்ணெய் எல்லாம் பொன்ராஜ் கடையிலிருந்து வந்தாக வேண்டும். தை பிறந்ததும் நானும் அவளோடு போனேன்.

அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் நம்ம ஆளுகளுக்குத்தாம்மா" என்றார்.

"நானும் உங்க கார்டுதான அண்ணாச்சி? ஒரு மாசமாச்சும் பாக்கி வச்சிருக்கேனா?"

"அதத்தான் நானும் சொல்லுதேன். மாசாமாசம் கணக்க முறிச்சிட்டுப் போயிருத. நாளைக்கே நீ ராவுத்தரு கடைக்குப் போயிட்டா உன்ன யாரு புடிக்கது? பாக்கி உள்ளவன் எங்க போவான்? சுத்திச் சுத்தி இங்கதான வரணும். அவனுக்கு நம்பிக் குடுக்கலாம். உன்ன எத நம்பி?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியமுத்து மகனுடைய மொட்டை விருந்துக்காக ஒரு மூடை அரிசி கடையை விட்டு வெளியே போயிற்று. பெரியமுத்து தன் கல்யாணத்துக்கு வாங்கிய கடனையே இன்னும் தீர்க்காதவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடைத் தராசைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். வேலுத்தாய் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது சுவர் வழியாகக் கேட்டது. சாயங்காலம் பெரியமுத்துதான் வந்து வாசலில் குந்தினான். நல்ல போதை. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

"கார்ட அம்புட்டு வெள்ளையா வச்சிருந்தா எவன் நம்புவான்? கொஞ்சம் அழுக்காக்கு தாயி. நாங்கள்லாம் எப்படிப் பொழைக்கிறோம்?"

ஒரு குடிகாரன் சொல்லிக் கேட்க வேண்டிய நிலை வந்ததே என்று எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட, அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சம்பளம் வந்தது. வேலுத்தாய் கூலியை வாங்கி, பாதியைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகினாள். மீதியை அண்ணாச்சியிடம் நீட்டினாள். அண்ணாச்சி எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மிச்சம்?"

"அடுத்த மாசந்தான் அண்ணாச்சி."

அந்த முகத்தில் அப்போது வந்த மலர்ச்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிள்ளை பிறந்த சேதி கேட்டவன்கூட அப்படிச் சிரிக்க மாட்டான். "அதுக்கென்னக்கா!" என்றார். இத்தனை மாதமாக 'ஏம்மா'வாக இருந்தவள் பாக்கி வைத்ததும் அக்கா ஆகிவிட்டாள். "மக கல்யாணத்துக்கு என்னென்ன வேணும்னு சொல்லுங்க. நாளைக்கே லாரியில ஏத்தி விடுதேன். உக்காருங்க, டீ குடிங்க." வேலுத்தாய் உட்காரவும் இல்லை, டீயைத் தொடவும் இல்லை. வேண்டியதை நின்றபடியே சொன்னாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பொய் சொல்லக் கூடாது, சாம்பாரும் பாயசமும் நன்றாகவே இருந்தன. மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அண்ணாச்சி முதல் பந்தியிலேயே உட்கார்ந்து பெண்ணை ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, மொய்யும் எழுதிவிட்டுப் போனார். வேலுத்தாய் அவருக்கு இலை போடவில்லை. என்னைப் போடச் சொன்னாள்.

அடுத்த சம்பளத்தன்று அவள் மொய்ப் பணத்தையும் கூலியையும் சேர்த்துக் கொண்டுபோய், பழைய பாக்கி, வட்டி, கல்யாணச் சரக்கு எல்லாவற்றுக்குமாக அண்ணாச்சி முன்னால் வைத்தாள். முகம் பழைய வேலுத்தாயாக இருந்தது. அண்ணாச்சி எண்ணி முடித்தார். ஒரு ஐந்து ரூபாய் நோட்டை மட்டும் எடுத்து, "இத நீங்க வச்சுக்கோங்கக்கா. கணக்கு முறிய வேண்டாம்" என்று திருப்பி நீட்டினார்.

அவர் முகத்தில் விட்டெறிவாள் என்று காத்திருந்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. வேலுத்தாய் அந்த நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாங்கி மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

மேட்டில் ஏறும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "உனக்கு ரோசம் செத்துப்போச்சாடி? எதுக்கு வாங்குன?" என்று கத்தினேன். அவள் நிற்காமல் நடந்துகொண்டே சொன்னாள்.

"சின்னவ மாரித்தாய் ஒருத்தி இருக்காளே மதினி."