கிணற்றில் உவர் ஏறியது

கடல் சூழ்ந்த தீவில், கரம்பொனில் எங்கள் காணியில் வேலை செய்தது மூன்று பேர்தான்: என் கணவர், அவருடைய அக்காவான என் மச்சாள், நான். கரட்டும் பீற்றூட்டும் போட்டோம். மச்சாள் கலியாணம் செய்யாமல் எங்களோடு இருந்தவர். கிழங்கைக் கழுவி, இலை முறித்து, பெரிது சிறிது பிரித்துச் சாக்கில் அடுக்கித் தைப்பது அவர் பொறுப்பு. அவர் தைத்த சாக்கை யாழ்ப்பாணச் சந்தையில் அவிழ்த்துப் பார்க்காமலே எடுப்பார்கள்.

தண்ணீர் இறைப்பது என் கணவர். ஒருநாள் காலை இறைத்துக்கொண்டிருந்தவர் வாய்க்கால் கரையில் நெஞ்சைப் பிடித்தபடி குந்திவிட்டார்.

"இறைக்கிற மெசின் ஒண்டு வாங்குங்கோ. இனி உங்களால ஏலாது" என்றேன்.

சாக்குத் தைத்துக்கொண்டிருந்த மச்சாள் நிமிர்ந்து, "ஊத்து தாங்குமோ?" என்று மட்டும் கேட்டார். 

மெசின் வந்தது. அவருடைய நெஞ்சு நோவு குறைந்தது. தரிசாகக் கிடந்த பக்கத்துக் காணியையும் கொத்தி விதைத்தோம். லொறி எங்கள் வீட்டு வாசல் ஒழுங்கைக்கே வந்து சாக்குகளை ஏற்றியது. நான் கேட்டதால்தானே இவ்வளவும் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

மூன்றாம் வருடம் மாரி பொய்த்தது. மெசினைக் கூடுதல் நேரம் ஓட விட்டோம். முதலில் கரட் இலைகளின் நுனி கருகியது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு விரல் அளவுதான். பீற்றூட் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. என் கணவர் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டு, துப்பினார்.

"கரிக்குது. இறைச்சு இறைச்சுக் கடல் ஊத்துக்குள்ள வந்திட்டுது."

அன்றோடு மெசினை நிற்பாட்டினார். அடுத்த மாரி நன்றாகப் பெய்தது. கிணற்றின் உவர் மட்டும் போகவில்லை.

கிளிநொச்சிப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் செய்கைக்குக் காணி தருவதாகச் சொன்னார். "அங்க நல்ல தண்ணி. ஒரு போகம் பாத்திட்டு உங்கள் ரெண்டு பேரையும் கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு என் கணவர் போனார்.

அறுவடை முடிந்து லொறியில் வந்து இறங்கினார். பின்னால் இரண்டு சாக்குக் கரட். காலூன்றி நிற்க முடியாத காய்ச்சல்.

"அக்கா, பிரிச்சுப் பார். நல்ல கரட்" என்றார். மச்சாள் சாக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. தம்பியைத் தாங்கி உள்ளே கொண்டுபோனார். பின்னேரமே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகுதான் அந்தச் சாக்குகள் விறாந்தையில் கிடப்பது கண்ணில் பட்டது. மச்சாள் பிரித்தார். மேலே இருந்தவை நேரான, தடித்த கிழங்குகள். அடியில் எல்லாம் நசிந்து அழுகியிருந்தன.

"அவனுக்கு அடுக்கத் தெரியாது" என்றார். அதுவரை அழாதவர், அப்படியே நிலத்தில் குந்திக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் அதே வீட்டில் ஆடு வளர்த்துச் சீவித்தோம். குடிதண்ணீரைக் கோயில் கிணற்றிலிருந்து சுமந்தோம். ஒரு வார்த்தைகூட அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுவே தாங்க முடியாமல் ஒருநாள் நானே கேட்டேன்.

"மெசின் வேணுமெண்டு கேட்டது நான்தானே, மச்சாள். ஏன் நீங்கள் என்னை ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் ஆடுகளுக்குக் குழை முறிப்பதை நிறுத்தவில்லை.

"அவனுக்கு நெஞ்சு நோவு. நீ வேற என்னத்தைச் செய்யிறது?" என்றார்.

குழையைத் தூக்கிக்கொண்டு ஆட்டுக்கொட்டில் பக்கம் போனார். கீழே சிந்திக் கிடந்த குழைகளைப் பொறுக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.