மூலை மழுங்கிய நட்டு

என் காரின் டேஷ்போர்டில், பிள்ளையார் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு நட்டு கிடக்கிறது. சக்கரத்தில் போடுகிற சாதாரண நட்டுதான். ஆறு பக்கம் இருக்க வேண்டியது உருண்டையாகிப் போயிருக்கிறது. விரலால் தடவினால் ஒரு மூலைகூடத் தட்டுப்படாது. சவாரிக்கு ஏறுகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, இது எதுக்குப்பா என்பார்கள். சும்மா கெடக்குது சார் என்று சொல்லிவிடுவேன். பொய்தான். அந்த நட்டு விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அதுவல்ல.

செஞ்சியில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். போஸ்ட்டம்மா ஒன்றரை வருஷம் என் வண்டியில் வந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகள் பெங்களூரில். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனதால் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் புதுச்சேரிக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். திருவண்ணாமலை ரோட்டில் அவர் வீடு. நான் ஹாரன் அடிக்கும் முன்பே பையும் மடித்த போர்வையுமாக வாசலில் நிற்பார். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் கட்டளை. பேச்சுக்கு மட்டும் அளவே கிடையாது. ஆயுத பூஜைக்குச் சக்கரத்துக்கெல்லாம் வெள்ளி பெயிண்ட் அடித்துப் பளபளவென்று கொண்டுபோய் நிறுத்தினால், "இன்னாப்பா, வண்டிக்குக் கொலுசு போட்டு இட்டாந்திருக்கியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். எனக்குப் பெருமை தாங்காது. எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் வருஷா வருஷம் அடிப்போம். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு அடிக்க யாருக்குப் பொறுமை? நட்டின் மேலேயே ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துவிடுவதுதான்.

அன்று செவ்வாய்க்கிழமை, அமாவாசை. முந்தின முறையைக் காய்ச்சலில் தவறவிட்டிருந்தார். உடம்பில் நீர் கோத்துக் கால் இரண்டும் ஊதி, செருப்பே நுழையவில்லை. மூச்சு வாங்கியது. வாயைத் திறக்காமல் வந்தார், அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. ராஜகிரிக் கோட்டைக்கு நேராக வரும்போது பின் டயர் வெடித்தது. நாலு நட்டுதானே, பத்து நிமிஷம் என்று இறங்கினேன். மூன்று கழன்றது. நாலாவதில் ஸ்பேனர் முழுதாக உட்காரவில்லை. பெயிண்ட் அவ்வளவு தடிப்பாகப் படிந்திருந்தது. நிதானமாகச் சுரண்டியிருந்தால் போதும். மடையன், நாங்கள் எப்போதும் செய்வதையே செய்தேன். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தேன். சறுக்கியது. ஆத்திரத்தில் மறுபடி மிதித்தேன், மறுபடியும். மூலை எல்லாம் மழுங்கிப்போய், அதன்பிறகு ஸ்பேனரை எப்படிப் போட்டாலும் வெறுமனே சுற்றியது.

ஸ்டாண்டுக்குப் போன் போட்டேன். அமாவாசை என்பதால் காரும் ஆட்டோவும் மொத்தமாக மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் சவாரிக்குப் போயிருந்தன. ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். பஸ் வந்தது, படிக்கட்டில் ஆள் தொங்க. அந்தக் காலோடு அவரை எதில் ஏற்றுவது? கை காட்டிய கார்களில் குடும்பம் குடும்பமாக அடைந்திருந்தார்கள். "அங்காளம்மா, ஒன்னப் பாக்க வர்றவங்களுக்கெல்லாம் வண்டி இருக்குது, இவங்களுக்கு மட்டும் இல்லியா?" என்று நடுரோட்டில் வாய்விட்டே கத்தினேன். அதைக் கேட்டோ என்னவோ, "ஏம்பா, இன்னாச்சு?" என்று உள்ளிருந்து அவர் குரல் வந்தது. "துரு புடிச்சிருக்குதும்மா. ரெண்டு நிமிஷம்" என்றேன். கொலுசு என்று கொண்டாடியவரிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

போன் போட்டு வரச்சொன்ன பங்ச்சர் கடைக்காரர் தன் மொபெட்டில் வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. குனிந்து பார்த்தார். "யோவ், இது நட்டா கொழுக்கட்டையா? அம்மாவ எறக்கு, அடிச்சா வண்டி குலுங்கும்." மாற்று டயரைப் புளியமர நிழலில் போட்டு, போர்வையை விரித்து, அதன்மேல் அவரை உட்கார வைத்தேன். ஒரு சைஸ் சின்ன பாக்ஸ் ஸ்பேனரை மழுங்கிய நட்டின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்து இறக்கினார் கடைக்காரர். பிடியில் நீளமாக ஒரு பைப்பைச் சொருகி இரண்டு பேரும் தொங்கினோம். படக்கென்று விட்டுக்கொடுத்தது. ஸ்பேனருக்குள் சிக்கிய நட்டைத் தட்டி எடுத்துத் தூக்கிப் போட்டார். அது உருண்டு போஸ்ட்டம்மா காலடியில் நின்றது. அவர் அதை எடுத்து நகத்தால் சுரண்டினார். வெள்ளிப் பூச்சு செதிலாகப் பெயர்ந்து வந்தது. நகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நட்டை என் கையில் வைத்து, "தூக்கி வுடு, டயரு வேணுமில்ல" என்றார். அவ்வளவுதான்.

புதுச்சேரியில் ஒன்றரை மணி நேரம் தாமதம். அவருடைய மிஷினில் வேறு ஒருவர் படுத்திருந்தார். "போன வாட்டியும் வரல, இன்னிக்கும் லேட்டு. இன்னாம்மா நெனச்சுக்கிட்டிருக்கீங்க?" என்று நர்ஸ் என்னையும் சேர்த்து முறைத்தாள். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி போஸ்ட்டம்மா சொன்னார்: "நான்தாம்மா... கெளம்ப நேரமாக்கிட்டேன். அவன் காலையிலயே... வந்து நின்னுட்டான்." எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. சாயங்காலம்தான் மிஷின் கிடைத்தது. திரும்பும்போது வழியெல்லாம் தூங்கினார். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். களைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் நெஞ்சு அடைத்துப் போய்விட்டார். இதயம் முன்பே பலவீனமாகத்தான் இருந்ததாம், அந்த ஒரு நாளால் வந்ததில்லையாம். டாக்டர் சொன்னதாக மகள் என்னிடம் சொன்னாள். தலையை ஆட்டினேன். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். என் மனசு அதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஆயுத பூஜைக்கு நான் பெயிண்ட் வாங்குவதில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சந்தனம், குங்குமம் வைப்பதோடு சரி. மூளிச் சக்கரம் என்று ஸ்டாண்டில் கிண்டல் செய்கிறார்கள். டேஷ்போர்டு நட்டை மட்டும் தேய்க்கவில்லை. ஒரு பக்கத்தில் அவர் நகம் பட்ட இடம் கறுப்பாக இருக்கிறது, சுற்றிலும் மிச்சமுள்ள வெள்ளி. அந்த வீட்டைத் தாண்டும்போது வண்டியில் சவாரி இல்லையென்றால் அதைக் கையில் எடுத்துக்கொள்வேன். கண்ணாடியில் தெரியும் பின் சீட்டைப் பார்த்து, அன்று வாசலில் சொல்லாமல் விட்டதைச் சொல்வேன்.

"துரு இல்லம்மா. பெயிண்ட்டு. நான் அடிச்சது."